கொதிக்கும் மக்கோடு ஒரு வெள்ளோட்டம்

பால்டிமோரில் கோச்சு வண்டி ஏறியவர்களில் பாதிப் பேர் ஊஞ்சலாடிக்கொண்டு போனார்கள், மீதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள். ஊஞ்சலாடியவர்கள் எனாக் ஸ்டான்ஸ்பரி கைபட்ட வண்டியில் ஏறியவர்கள். மரக்கூடு செய்ய நகரத்தில் தச்சர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கூட்டைச் சக்கரச் சட்டத்தின் நான்கு மூலையிலும் நிற்கும் இரும்புக் கொம்புகளிலிருந்து, கையகலத் தோல்வார்களில் தொங்கவிடத் தெரிந்தவர்கள்தான் குறைவு. வார் கொஞ்சம் நீண்டால் கூடு சக்கரத்தில் உரசும், கொஞ்சம் குறைந்தால் பயணியின் இடுப்பு கழன்றுவிடும். எனாக் வாரை விரலால் சுண்டி, அதன் ஓசையைக் கேட்டு இறுக்குவார். சேணம் தைக்கிற வீட்டில் பிறந்தவர். அப்பா விட்டுப்போன குத்தூசியோடு பதினாறு வயதில் ஹாலம் பட்டறைக்கு வந்தவர், அதன்பின் வேறு எங்கும் போகவில்லை.

ஹாலம் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. புது வண்டி தயாரானதும் கூட்டைத் தொங்கவிட்ட ஆள் உள்ளே ஏறி உட்கார வேண்டும். தகர மக்கில் விளிம்புவரை கொதிக்கும் சிப்பி சூப்பை நிரப்பி அவர் தொடைமேல் வைப்பார்கள். குதிரை பூட்டி, கருங்கல் பாவிய தெருவில் ஒரு சுற்று. சிந்தினால் தொடை வேகும். போதாததற்கு அன்று பட்டறை முழுவதற்கும் அவர்தான் சூப் வாங்கித் தரவேண்டும். அந்தத் தண்டத்தை எனாக் ஒருமுறைகூடக் கட்டியதில்லை. வண்டி எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு சுகம் என்பது அவருடைய வேதம்.

அந்த வேதம் அவர் வீட்டிலேயே அடிவாங்கியிருந்தது. மனைவி டார்கஸ் மூன்று வருடத்துக்கு முன்னால் ஃபிரெடெரிக் சாலையில் கோச்சில் போகும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. நன்றாக ஆடுகிற வண்டி, நன்றாகவே ஆடித் தூக்கி அடித்ததில் அவள் முதுகு பிசகிப்போனது. அது எனாக் தொங்கவிட்ட கூடுதான். அன்றிலிருந்து டார்கஸால் எந்த வண்டியிலும் உட்கார முடியவில்லை. சாலைமேல்தான் தப்பு என்று அவளே ஊரெல்லாம் சொன்னாள். வீட்டில் மட்டும், கோபம் வந்தால் கணவரை 'மிஸ்டர் ஸ்டான்ஸ்பரி' என்று கூப்பிட்டாள். அந்த மூன்று வருடத்தில் அவர் வெறும் 'எனாக்'காக இருந்த நாட்கள் குறைவு.

இவர்களுக்கு ஒரே மகள், தபிதா. பன்னிரண்டு மைல் தள்ளி டோர்ஸி ஆலையில் மாவுப்பீப்பாய் செய்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஜனவரியில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. சேதியைக் கொண்டுவந்த மாவு வண்டிக்காரன், பிள்ளைக்கு மூக்கு தாத்தா ஜாடை என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த மூக்கைப் பார்க்காமல் டார்கஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல், தபிதாவால் அதைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. இவளால் போக முடியாது. சாலை அப்படி, முதுகு இப்படி.

அந்தச் சமயத்தில்தான் ரயில் கம்பெனி டோர்ஸி ஆலைவரை தண்டவாளம் போட்டு முடித்தது. அதுவரை போட்டிருந்த தூரத்துக்கு மாவுப்பீப்பாய் வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. பீப்பாய்க்கு முதுகு வலிக்காது, ஆகவே அந்த வண்டிகளுக்கு வாரும் இல்லை, குலுக்கலைத் தாங்கும் வில்லும் இல்லை. இனி ஆட்களை ஏற்றலாம், அதுவும் எஞ்சின் வைத்து இழுக்கலாம் என்று கம்பெனி முடிவு செய்து, இரண்டு பட்டறைகளிடம் ஆளுக்கொரு வண்டி கேட்டது. ஒன்று ஹாலம் பட்டறை. இன்னொன்று காஸ்பர் ஃபிங்க் என்ற ஜெர்மன்காரருடையது. ஃபிங்க் தோலைத் தொடவே மாட்டார். நீளமான ஹிக்கரி மரச் சட்டங்களை வளைத்து அடுக்கி, மரத்தாலேயே வில் செய்து அதன்மேல் கூட்டை உட்கார வைப்பார்.

இரண்டு பேரும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பிரசங்கம் முடிந்து வாசலுக்கு வந்ததும் சண்டை தொடங்கிவிடும். எனாக் வண்டி குழந்தைத் தூளி என்பார் ஃபிங்க். ஃபிங்க் வண்டி சவப்பெட்டி, ஏறினவன் அசையவே மாட்டான் என்பார் எனாக். டார்கஸ் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"யாரு வண்டியோ எனக்குக் கவலையில்ல. மக்குல ஒரு சொட்டு சிந்தாம ஓட்டிக் காட்டுங்க மிஸ்டர் ஸ்டான்ஸ்பரி, நான் ஏறிப் பேரனப் பாத்துட்டு வரேன். சிந்துச்சுன்னா அடுத்த வருஷம் அவனே நடந்து வந்து என்னப் பாக்கட்டும்."

வெள்ளோட்டம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலையிலேயே ரயிலடியில் பாதி நகரம் கூடிவிட்டது. அப்பம் விற்கிறவர்கள், பந்தயம் கட்டுகிறவர்கள், எஞ்சின் வெடிக்கும் என்று நம்பித் தூரத்து மரங்களில் ஏறி உட்கார்ந்தவர்கள், எப்போதும் ஒருவரையொருவர் மூக்கில் குத்திக்கொள்ளும் துறைமுகத் தீயணைப்புக் குழுவும் கிழக்குத் தெருத் தீயணைப்புக் குழுவும், சிவப்புச் சட்டையிலும் நீலச் சட்டையிலும். டார்கஸைப் பட்டறை ஆட்கள் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, முதுகிலும் இரண்டு பக்கத்திலும் தலையணைகளை அடைத்து, கைவண்டியில் வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மடியில் ஒரு மூட்டை, பேரனுக்குப் பின்னிய கம்பளிச் சட்டை.

முதலில் எனாக்கின் வண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி, குதிரையோடு ஓட்டிப் பார்த்தார்கள். அது பட்டறை வழக்கம், எனாக் விட்டுக்கொடுக்கவில்லை. தெருமுனையில் சூப் விற்கும் மினர்வா தன் தள்ளுவண்டிப் பானையிலிருந்து மக்கை நிரப்பினாள். விளிம்புக்கு மேலேயே ஒரு மயிரிழை உப்பி நின்றது சூப். குதிரை நடந்தது, ஓடியது, திரும்பி வந்தது. தொங்கும் கூடு படகுபோல அசைந்தது. எனாக் இறங்கி மக்கைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை. கூட்டம் கத்தித் தீர்த்தது. டார்கஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"எனாக், என் குல்லாயக் குடுங்க."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இன்னொரு சுற்று எஞ்சினோடும் மக்கைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று சொன்னார். கம்பெனி இயக்குநர் திரு. வெயின் வெள்ளை வெயிஸ்ட்கோட்டோடு அவருக்கு எதிர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பொறியாளர் ஹால்ஸ்டெட் எஞ்சினையும் வண்டியையும் சங்கிலியால் மாட்டிவிட்டுக் கை அசைத்தார்.

சங்கிலி தரையில் தொய்ந்து கிடந்தது. எஞ்சின் புறப்பட்டது, தொய்வு தீர்ந்தது, சடாரென்று வெட்டி இழுத்தது. சக்கரச் சட்டம் முன்னால் பாய்ந்தது, தோலில் தொங்கிய கூடு நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் அதுவும் வந்தது, வந்த வேகத்தில் முன்கொம்பில் மோதியது. எனாக் இயக்குநரின் மடியில் போய் விழுந்தார். மக்கு அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வெயிஸ்ட்கோட்டின் வெள்ளையில் ஆறேழு சிப்பிகள் வரிசையாகப் பொத்தான் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன.

மரத்தில் இருந்தவர்கள் சிரித்ததில் ஒருவன் கீழே விழுந்தான். ஃபிங்க் சுருட்டை வாயிலிருந்து எடுத்து, தூளியிலிருந்து பிள்ளை விழுந்துவிட்டதா என்று விசாரித்தார். அவர் சிரிப்பும் வெகுநேரம் நிற்கவில்லை. அடுத்து அவர் வண்டியை மாட்டினார்கள். அது ஆடவில்லை, உண்மைதான். குதித்தது. ஹிக்கரி வில் ஒருமுறை அமுங்கினால் எழும்பி, மறுபடி அமுங்கி, மறுபடி எழும்பி, நிறுத்தவே தெரியாமல் துள்ளியது. ஃபிங்க் திரும்பி வந்தபோது மக்கில் அடிமண்டிதான் மிச்சம். தொடையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் அவர் சொன்னதை மொழிபெயர்க்க அங்கே யாரும் முன்வரவில்லை.

இயக்குநர் வெயின் மரியாதை தெரிந்த மனிதர், கத்தவில்லை. துணி மாற்றிச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றார். அதற்குள் உட்காரத் தகுந்த வண்டி ஒன்று இருந்தால் ஆலைவரை போவோம், இல்லாவிட்டால் பயணிகள் வண்டி என்ற பேச்சை அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிவைப்போம், எஞ்சின் மாவை இழுக்கட்டும் என்றார். குதிரை வைத்தாவது தன் மனைவியை மட்டும் கொண்டுபோய் விடலாமா என்று எனாக் கேட்டார். குதிரைகளை எல்லாம் மாவுக்காரர்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டாயிற்று என்று பதில் வந்தது.

டார்கஸ் குல்லாயைக் கழற்றவில்லை. அது எனாக்குக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண் சங்கிலியின்மேல் இருந்தது.

"நான் இந்த நாற்காலில எப்படி வந்தேன், பாத்தீங்கல்ல? விரல் நுழைய எடமில்லாம தலகாணி அடச்சுல்ல கொண்டுவந்தீங்க. குலுங்குனா எனக்கு வலிக்காது. சும்மா கெடக்கற எடத்துல போயி முட்டுனாத்தான் வலிக்கும். அந்தச் சங்கிலியப் பாருங்க, எவ்ளோ சும்மா கெடக்கு."

எனாக் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார், மேய்ந்துகொண்டிருந்த குதிரையைப் பார்த்தார். குதிரை முதலில் கழுத்துப்பட்டைக்குள் தோளைக் கொடுத்துச் சாயும், வார் மெல்ல இறுகும், அதற்கப்புறம்தான் வண்டி நகரும். இத்தனை வருடமாக அவர் வண்டியில் நாலு தோல்வார் மட்டும் இல்லை, முன்னால் சதையும் ரத்தமுமாக ஐந்தாவது வில் ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எஞ்சினுக்கு ஏது தோள்? சங்கிலியில் இருந்த இடைவெளியை அது ஒரே வெட்டில் தின்றது. கூட்டுக்கு அவர் கொடுத்த ஆட்டம் முழுவதும் இன்னொரு இடைவெளி.

அவர் நேராக ஃபிங்கிடம் போனார். கூட்டம் அடிதடியை எதிர்பார்த்து வழிவிட்டது.

"ஃபிங்க், உன் சட்டத்தக் குடு."

"எதுக்கு, வெறகுக்கா?"

"என் கூட்ட அது மேல ஒக்கார வெக்கணும்."

"ஒக்கார வெக்கவா? தொங்க வேணாமா?"

"வேணாம்."

ஃபிங்க் சுருட்டைத் தட்டிவிட்டு, தொடை எரிச்சலையும் மறந்து, சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். "இந்த ஒரு வார்த்தைய இவன் வாயால கேக்கத்தான்யா நான் ஜெர்மனிலேர்ந்து கப்பல் ஏறினேன். எடுத்துக்கோ."

அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் பல வருடம் பேசினார்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் கூட்டின் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்கள். அதைப் பார்த்து நீலச் சட்டைக்காரர்கள் மறுபக்கம் ஓடினார்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தக் குழு தோற்றது என்று யாரோ பந்தயம் கட்ட, கூடு துளிகூடச் சாயாமல் காற்றில் எழும்பி ஃபிங்கின் சட்டத்தின்மேல் வந்து அமர்ந்தது. துள்ளும் மரவில்லுக்குக் கடிவாளம் வேண்டுமே. எனாக் தன் சொந்த வார்களைத் தரையில் விரித்தார். எண்ணெய் ஊறவைத்து, வெயிலில் இழுத்து, ஒரு குளிர்காலம் முழுக்கத் தயாரித்த தோல். கத்தியை வைக்கும்போது கை ஒரு கணம் நின்றது, அவ்வளவுதான். துண்டு துண்டாக வெட்டி, ஹிக்கரிச் சட்டங்களுக்கு நடுவில் செருகினார். அமுங்கிய மரம் எழும்பும்போது தோல் அதைப் பிடித்து மெதுவாக விட்டது. மிஞ்சிய இரண்டு வாரால் கூட்டை முன்னுக்கும் பின்னுக்கும் சட்டத்தோடு இழுத்துக் கட்டினார்.

சங்கிலித் தொய்வு பாக்கி. பொறியாளர் ஹால்ஸ்டெட் டார்கஸ் சொன்னதைக் கேட்டதுமே கோட்டைக் கழற்றியிருந்தார். எஞ்சினுக்கும் வண்டிக்கும் நடுவில் கட்டை இறுக்கினால் தொய்வே இராது, திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் நெகிழ வேண்டும் என்று கணக்குச் சொன்னார். எதிர்த் தோட்டத்து வேலியிலிருந்து இரண்டு நல்ல கட்டைகள் வந்தன. தோட்டக்காரரே பிடுங்கிக் கொடுத்ததாகக் கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள், யாரும் துருவிக் கேட்கவில்லை. கட்டைகளைச் சங்கிலிக்கு இருபுறமும் அடைத்துக் கயிறு சுற்றினார்கள். நெகிழ்வதற்கு என்ன வைப்பது என்று ஹால்ஸ்டெட் யோசித்தபோது டார்கஸ் தன் முதுகிலிருந்து ஒரு தலையணையை உருவி நீட்டினாள். அதைக் கட்டை முனைக்கும் வண்டிக்கும் நடுவில் வைத்துக் கட்டினார்கள்.

இயக்குநர் வெயின் கறுப்பு வெயிஸ்ட்கோட்டில் திரும்பி வந்தார். முன்னெச்சரிக்கை உள்ள மனிதர் என்று கூட்டம் மெச்சிக்கொண்டது. வண்டியைச் சுற்றிப் பார்த்தார், வேலிக் கட்டையை ஷூவால் உதைத்துப் பார்த்தார். சரி, ஒரே ஓட்டம், நேராக ஆலைக்கு, ஒத்திகை எல்லாம் கிடையாது, பொழுது சாய்கிறது என்றார்.

எனாக்கின் திட்டம் வேறு. மக்கைப் பிடித்து ஒரு சுற்றுப் போய்வந்துதான் டார்கஸை ஏற்றுவதாக இருந்தார். இப்போது ஏறினால் நிரூபணம் இல்லாமல் ஏற வேண்டும். வழியில் முதுகு பிசகினால் நடுக்காட்டில் இறக்கவும் முடியாது. ஏறாவிட்டால் அடுத்த வசந்தம்.  அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் படியில் கால் வைத்திருந்தாள்.

"டார்கஸ், நீ மக்குன்னு சொன்னியே. ஒரு சொட்டு..."

"சொன்னேன். அந்த மக்க என் கையில குடுங்க. என் முதுக நம்பறேன், உங்க தொடைய நம்பறதா இல்ல."

மினர்வா எட்டி மக்கை நிரப்பினாள். "அம்மா, கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருக்கேன். உம்ம புருஷனத் திட்டறதுக்குத் தோதா இருக்கும்."

வெயினும் எனாக்கும் ஃபிங்கும் டார்கஸுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஹால்ஸ்டெட் கையை அசைத்தார். எஞ்சின் பெருமூச்சு விட்டது. மரத்திலிருந்தவர்கள் கிளையைக் கெட்டியாகப் பிடித்தார்கள். வண்டி வெட்டவில்லை. எங்கே புறப்பட்டது என்றே தெரியாமல், ஆற்றில் கட்டவிழ்த்த தோணிபோல, கூட்டத்தின் முகங்கள் பின்னால் போகத் தொடங்கின. தொப்பிகள் பறந்தன. சிவப்பும் நீலமும் தண்டவாளத்தின் இரு பக்கமும் கூடவே ஓடி, மூச்சு வாங்கி, ஒவ்வொருவராக நின்றார்கள். யார் கடைசியில் நின்றது என்பதற்காக அன்று சாயங்காலம் ஒரு நல்ல அடிதடி நடந்தது.

வேகம் கூடியது. புகைபோக்கியிலிருந்து பொறிகள் பறந்துவந்து இயக்குநரின் தொப்பியில் ஓட்டை போட்டன. அவர் குடையை விரித்தார், குடையிலும் ஓட்டை விழுந்தது, அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வயல், பாலம், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் மாடுகள், எல்லாம் சல்லென்று கடந்தன. ஃபிங்க் தரையில் குப்புறப் படுத்து இருக்கைக்கு அடியில் தன் வில்லின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். "மூச்சு விடுது, ஸ்டான்ஸ்பரி. துள்ளல, மூச்சு விடுது," என்று கீழேயிருந்தே அறிவித்தார்.

எனாக் வில்லையும் பார்க்கவில்லை, மக்கையும் பார்க்கவில்லை. மனைவியின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலி வந்தால் அவள் உதடு வெளுக்கும், மூன்று வருடமாக அவருக்குத் தெரிந்த அடையாளம் அது. மில் ஓடைப் பாலத்தருகே எஞ்சின் தண்ணீருக்காக நின்றது. மறுபடி புறப்பட்டதுதான் உண்மையான சோதனை. கட்டை கிறீச்சிட்டது, தலையணை அமுங்கிப் பெருமூச்சு விட்டது. சூப் மக்கின் ஓரத்துக்கு ஏறி, ஒரு சுற்று சுற்றி, யோசித்து, உள்ளேயே இறங்கியது. அவள் உதடு சிவப்பாகவே இருந்தது. எனாக் அப்போதுதான் தன் பல் தன் உதட்டிலேயே பதிந்திருப்பதை உணர்ந்தார்.

அந்த வண்டியைப் பார்த்துக் கம்பெனி பிற்பாடு மேலும் வண்டிகள் செய்யச் சொன்னது. ஹாலம் பட்டறையும் ஃபிங்க் பட்டறையும் சேர்ந்தே செய்தன. தோலும் ஹிக்கரியும் கொஞ்ச காலம்தான் நின்றன. எஃகு வில் வந்தது, அதையும் எனாக் முதல் ஆளாக வாங்கிவந்து வளைத்துப் பார்த்தார். மக்கு வழக்கம் மட்டும் மாறவில்லை. குதிரைக்குப் பதில் எஞ்சின், அவ்வளவுதான். ஆனால் வெள்ளோட்டத்தன்று காலை சிந்திய சூப்புக்குப் பட்டறை அவரை விடவில்லை. மறு திங்கட்கிழமையே மினர்வாவின் பானையையே உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டவர் ஃபிங்க்.

அன்று டோர்ஸி ஆலையில் வண்டி நின்றபோது மாவு படிந்த ஆட்கள் ஓடிவந்தார்கள். ஃபிங்க் முதல் வேலையாக மக்குக்குள் எட்டிப் பார்த்து முகம் தொங்கிப்போனார்.

"பாதிதான் இருக்கு. சிந்திப்போச்சே."

"எங்க சிந்துச்சு?" டார்கஸ் பாவாடையை விரித்துக் காட்டினாள். ஒரு கறை இல்லை. "பாலம் தாண்டினதும் பசிச்சுது, குடிச்சேன்."

எனாக் கை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு தானே படியிறங்கினாள். ஒரு கணம் நின்று, முதுகை நிமிர்த்தி, உள்ளே ஏதாவது குத்துகிறதா என்று கேட்பவள்போலத் தலையைச் சாய்த்தாள். பிறகு நடந்தாள். பீப்பாய்க் கொட்டகைக்குப் பின்னால் வீட்டு வாசலில் தபிதா போர்வைச் சுருளோடு நின்றிருந்தாள். டார்கஸ் மக்கை எனாக் கையில் திணித்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். போர்வையை விலக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"உங்க மூக்குதான் எனாக்," என்றாள். "பாவம் புள்ள."